பத்து நாள் கழித்துப் பேசுகிறவர்

எங்கள் அறையில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இடம் கிடையாது. 'எப்படி இருக்கீங்க?' என்பதுதான் அது. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பதால், எங்களுக்குள் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. மிட்டாய்க்கடைக்காரர் லட்டைத் தொடாத மாதிரிதான். காலையில் வந்ததும் 'சாப்டாச்சா?' என்போம். 'ஆச்சு' என்று பதில் வரும். அத்தோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் இருந்த ஆறு வருடத்தில் யாரும் மீறியதில்லை, நானும்தான். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. முட்டாள்தனமான பெருமை என்று இப்போது சொல்வேன்.

என் பெயர் சகாயராஜ். வயது ஐம்பத்தேழு. பொன்மலையில் வீடு. ரயில்வே விசாரணைக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். கத்துகிறவரிடம் கத்தாமல் பேசத் தெரிந்தவன் என்று, விருப்ப ஓய்வு வாங்கியதும் 'நிழல்குடை'யில் என்னை எடுத்துக்கொண்டார்கள். திருச்சி புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது எங்கள் மையம். செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டுப் பேசலாம். முகூர்த்த நாட்களில் கீழே நாதஸ்வரம் வாசிப்பார்கள். என்னதான் சுவருக்குப் பஞ்சு வைத்து அடைத்தாலும், கெட்டிமேளம் மட்டும் தரை வழியாகக் காலில் ஏறும்.

முதல் நான்கு வருடம் ஆட்கள்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு முன்குரல் என்ற மெஷின் வந்தது. மையத்தின் தலைவர் டாக்டர் குணவதி என்னைத் தன் அறைக்கு அழைத்து விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது.

"கூப்பிடறவங்களைக் காப்பாத்திடறோம் சார். கூப்பிடாதவங்கதான் அதிகம்" என்றார். "சம்மதிச்சுப் பேர் குடுத்தவங்களோட போனை இந்த மெஷின் கவனிச்சுக்கிட்டே இருக்கும். குரல், தூக்கம், நடை, யாரோட பேசறாங்க, யாரோட பேசறதை நிறுத்திட்டாங்க, எல்லாத்தையும். ஆபத்துன்னு பட்டா, பத்து நாள் கழிச்சு அவங்க என்ன பேசுவாங்களோ அந்தக் குரலை உண்டாக்கி நமக்கு லைன்ல குடுக்கும்."

"பத்து நாள் கழிச்சு வரப்போற ஆளா?"

"வரவிடக் கூடாத ஆள். அதோட பேசுங்க. எந்தப் பேச்சு உள்ள போகுதுன்னு பாத்து எழுதி அனுப்புங்க. அப்பத்தான் நிஜ ஆளோட நம்பர் வரும். அவங்களைக் கூப்பிட்டு நேரா அந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"நிஜ ஆளையே முதல்ல கூப்பிட்டா என்ன மேடம்?"

"கூப்பிட்டுப் பாத்தோமே. 'நான் நல்லாத்தானே இருக்கேன்'னு வெச்சிடறாங்க. ரெண்டாவது தடவை எடுக்கறதே இல்ல."

"தான் நிஜமில்லன்னு அந்தக் குரலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஏதோ உதவி மையத்தைக் கூப்பிட்டிருக்கோம்னுதான் அது நினைச்சுக்கிட்டு இருக்கும். நீங்க சொல்லவும் கூடாது."

"எல்லாம் முடிஞ்சதும்?"

"நிஜ ஆள் போனை எடுத்துப் பேச ஆரம்பிச்சதும் குரலை மூடிடுவோம்." அவர் மேசையில் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. "அதுக்கு வலிக்குமான்னு மட்டும் கேக்காதீங்க சார். எனக்குத் தெரியாது."

இரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று குரல்களை மூடியிருக்கிறேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒருவர் "நாளைக்கு" என்று ஆரம்பித்தபோது அழுத்தியிருக்கிறேன். அந்த வாக்கியத்தின் மிச்சம் எங்கே போயிருக்கும் என்று பஸ்ஸில் போகும்போது யோசித்திருக்கிறேன். அவர்களின் நிஜ ஆட்களில் பலர் இன்று இந்த ஊரில் காய்கறி வாங்கிக்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அதற்காகத்தான் அழுத்துகிறோம். ஆனாலும் நல்ல பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் பிறக்காத ஒரு நாளிலிருந்து வரும் மூச்சுச் சத்தத்தைக் காதுக்குள் கேட்பது எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

நாற்பத்து நான்காவது குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது.

முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் குரலாகக் கேட்டது, கொஞ்சம் கரகரப்பாக. யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக மெஷின் குரலை மாற்றித்தான் தரும். எங்கள் குரலும் அந்தப் பக்கம் மாறித்தான் போகும். அவர்கள் பேச்சில் பேரோ ஊரோ வருகிற இடத்தில் சத்தமே இருக்காது. பேசிக்கொண்டே போகிறவர் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கி ஏறி வந்த மாதிரி இருக்கும்.

"பேசலாமா?" என்றேன்.

"பேசறதுக்குத்தானே கூப்பிட்டேன். பேச்சுதான் வரல" என்றது குரல்.

"அவசரமில்ல. வரும்போது வரட்டும்."

வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்குங்க. சாயங்காலம் வரைக்கும் அதே நினைப்பு" என்றது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"… போனதுலேர்ந்து. ரெண்டு வருஷம் ஆச்சு. முதல்ல அழுகையா வந்துச்சு. இப்ப அதுவும் வரல. அதான் பயமா இருக்கு."

முதலில் வந்திருக்க வேண்டிய பெயர் மௌனமாகப் போய்விட்டது. கணவராக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். எனக்கும் மனைவி ஸ்டெல்லா போய் இரண்டு வருடம்தான். துக்கப்பட்டவனுக்குத் துக்கப்பட்டவரைப் புரியும் என்று நினைத்து, அந்தப் பெண்மீது எனக்குத் தனியாக ஒரு பாசம் உண்டாயிற்று.

பக்கத்து இருக்கை வஹிதாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். வஹிதாவுக்கு நாற்பது வயது. என்னைவிட நல்ல காது. "பாவம்ணே" என்றார். "விட்டுடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க." பிறகு என் டப்பாவைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். டப்பாவை நான் திறக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் பசி என்பது எனக்கு எப்போதாவதுதான் வரும். வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை குரல் கொஞ்சம் கூடுதலாகப் பேசியது. வேலைக்குப் போவதாகச் சொன்னது. என்ன வேலை என்றால், "பேசற வேலைதான்" என்றது. ஏதோ கால் சென்டர் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாளாம்.

"'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்கும். 'நல்லா இருக்கேன்'னு சொல்லுவேன். அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வேர்த்துப்போயிடும்."

"ஏன் நிஜத்தைச் சொல்லல?"

"அது கேள்வி இல்லீங்களே. வணக்கம் சொல்ற மாதிரி. வணக்கத்துக்குப் பதிலா யாராவது கதை சொல்லுவாங்களா?"

என் மகளும் ஓசூரிலிருந்து ஞாயிறுதான் கூப்பிடுகிறாள். யார் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை போன் வராது? அப்படித்தான் நினைத்தேன். படிக்கிற நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கானவர்களின் குரலில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த ஆள் நான். என் வீட்டுக் கதவு தட்டப்படுவது மட்டும் என் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை கீழே முகூர்த்தம். கெட்டிமேளம் முடிந்ததும் நேராகக் கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று வெளியில் பயப்படுவார்கள். வராது. இருப்பதுதான் வெளியே வரும்.

"சாகணும்னு தோணுதா?"

இந்த முறை மூச்சுகூடக் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"தோணுது" என்றது குரல். உடனே அழுகை வந்தது. மூன்று நாளில் முதல் அழுகை. "இப்படி யாருமே கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானா போய்ச் சொல்ல வாய் வரல. சுத்தி அத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தர் கேட்டிருந்தா போதும்."

"சரி. இப்ப கேட்டாச்சு. சொல்லியாச்சு. ஒரு நிமிஷம், நான் லைன்லதான் இருக்கேன்."

அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்: 'நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்.' அனுப்பிய அரை நிமிடத்தில் திரையில் நிஜ ஆளின் எண் வந்தது. ஒரு கையால் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மேசை போனில் அந்த எண்ணை அழுத்தினேன்.

அறையின் அந்தக் கோடியில், எங்கள் கைப்பேசிகளை வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரிக்குள்ளிருந்து, ஒரு போன் அடித்தது.

ஏதோ தற்செயல் என்று நினைத்துக் காத்திருந்தேன். என் காதிலும் மணி போய்க்கொண்டிருந்தது. அலமாரிக்குள்ளும் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக நின்று ஒன்றாகத் தொடங்கின. வைத்தேன். அலமாரி அடங்கியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அடித்தது. இரும்பு அதிர்ந்து ஒன்பதாம் எண் கதவின் பூட்டு கடகடத்தது. ஒன்பது என்னுடையது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் எல்லோரும் தலையைக் குனிந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எங்கள் மரியாதை அப்படி.

அது எப்படி நடந்தது என்றால், எங்களைத் தவிர யாருக்கும் வராத புத்தியால். முன்குரல் வந்த புதிதில், ஊழியர்களும் பெயர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மெஷின் ஆபத்து என்று சொல்லிவிட்டால் இந்த இருக்கை போய்விடும், 'ஓய்வு' கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. அதனால் நாங்கள் எல்லோருமே உபரி சிம் கார்டு எண்ணைத்தான் கொடுத்தோம், அதுவும் அப்பா பேரிலோ அத்தை பேரிலோ. மற்றவர்கள் அந்த சிம்மை டிராயரில் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் சோம்பேறித்தனத்தில் அதே போனில் இரண்டாவதாக விட்டுவைத்தேன். என் குரல் எனக்கே வரக் கூடாது என்று மெஷினில் ஒரு தடுப்பு இருந்தது. அந்தத் தடுப்புக்கு சகாயராஜைத் தெரியும். ஐந்து வருடம் முன்பு செத்துப்போன என் அப்பா ஆரோக்கியம் யாரென்று தெரியாது.

விதிப்படி, நிஜ ஆள் போனை எடுத்துப் பேசிய பிறகுதான் குரலை மூடலாம். யாரும் எடுக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஹெட்போனுக்குள்ளிருந்து சின்னதாக, "இருக்கீங்களா?" என்று கேட்டது.

எடுத்து மாட்டிக்கொண்டேன். "இருக்கேன்" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பேரு சகாயராஜ்."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் சகாயராஜ். பத்து நாள் முன்னாடி இருக்கேன்."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பைத்தியம் என்று வைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் குரலுக்கு என் வேலை தெரியும். அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிகிற சத்தத்தை நான் கேட்டேன். நாக்கை அண்ணத்தில் வைத்து எடுப்பது, நான் செய்வதுதான்.

"அப்ப நான்தான் மெஷினா?" என்றது அந்தப் பெண் குரல்.

"ஆமா."

"நாப்பத்து நாலாவதா?"

"ஆமா. மன்னிச்சுக்குங்க."

நான் பார்த்திருந்த அத்தனை பயங்களிலும் அது பெரிய பயம். எனக்குள்ளிருந்தே ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் இல்லாதவன், அவனிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அழுவான் என்று நினைத்தேன். கெஞ்சுவான் என்று நினைத்தேன். ஆனால் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டது.

"சரி. இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. சாகணும்னு தோணுதா?"

ஆறு வருடம் நான் கேட்ட கேள்வி. என்னிடம் வந்தபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். 'இல்லை' என்பது வாய்வரை வந்தது. யாரிடம் பொய் சொல்வது?

"தோணுது" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா. தினமும்."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

"நான் ஆளே இல்லையே. வேற யாரு?"

"யாரும் இல்ல."

"பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

"வஹிதா."

"எனக்கும் அவங்கதான் பக்கத்துல" என்றது குரல். "இந்தப் பத்து நாளும் இருந்தாங்க. நான் சொல்லல. நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது, இனிமே தெரியப்போறதும் இல்ல. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பவே போய்ச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"சொன்னப்புறம் உங்களை மூடிடுவாங்க."

"அது அப்புறம் பாத்துக்கலாம். போங்க."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். வஹிதா அறிக்கை எழுதுகிற மாதிரி குனிந்திருந்தார். பேனா நகரவில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒன்றரை அடிதான். அந்த ஒன்றரை அடியைத் தாண்டுவதற்கு எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. பொன்மலையிலிருந்து நடந்தே வந்திருந்தால்கூட அவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது.

"வஹிதாம்மா."

"சொல்லுங்கண்ணே."

"எப்படி இருக்கீங்கன்னு என்னைக் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் அலமாரியைப் பார்த்தார். தினமும் ஐம்பது பேரிடம் பதமாகக் கேட்கும் அதே வாய்க்கு இப்போது வார்த்தை தடுமாறியது.

"எப்படி… எப்படிண்ணே இருக்கீங்க?"

"நல்லா இல்லம்மா. செத்துடலாம்னு தோணிக்கிட்டே இருக்கு. மூணு நாளா நான் பேசிக்கிட்டிருந்த அந்தப் பொண்ணு நான்தான்."

எங்கள் பயிற்சியில் இதற்கெல்லாம் பதில் உண்டு. அமைதியாகக் கேட்க வேண்டும், அவசரப்படக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது. வஹிதா ஒன்றையும் கடைப்பிடிக்கவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"ஒன்றரை அடி தூரத்துல உக்காந்துக்கிட்டு! தினமும் சாப்டாச்சான்னு கேட்டேன், ஆச்சு ஆச்சுன்னீங்க. அந்தப் பொண்ணு பாவம்னு நேத்து நான் தொழுகையில வேண்டிக்கிட்டேன், தெரியுமா? உங்களுக்காகன்னு தெரியாமயே வேண்டியிருக்கேன்!" அழுதுகொண்டே திட்டினார். எனக்கும் கண்ணீர் வந்தது. இரண்டு வருடத்துக்கு அப்புறம் வந்த அழுகை. வெட்கமாக இல்லை. உடம்பு லேசானது என்றும் சொல்ல மாட்டேன். மூழ்கிக்கொண்டிருந்தவனுக்குக் கையில் ஏதோ தட்டுப்பட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு அது போதுமாயிருந்தது.

பிடித்த கையை விடாமலே மற்றக் கையால் டாக்டரை அழைத்தார். டாக்டர் ஸ்பீக்கர் சத்தத்துக்காகக் கீழே மண்டபத்துக்காரரோடு சண்டையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இதோ வருகிறேன் என்றார்.

"இருக்கை போயிடும்மா" என்றேன்.

"போகட்டும். ஆள் இருந்தா இருக்கையைத் தேடிக்கலாம். இன்னைக்குத் தனியா பொன்மலைக்குப் போகல நீங்க. எங்க வீட்டுக்கு வர்றீங்க. வீட்டுக்காரரு லீவு போடுவாரு. ஓசூருக்கு இப்பவே பேசறோம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருவேன்." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் மேசையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார்.

"லைன் இன்னும் இருக்கா?"

"இருக்கேன்னு சொன்னார்."

நான் 'சொன்னார்' என்றதை வஹிதா கவனித்தார். என் ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ. நான் வஹிதா பேசறேன். அவர் சொல்லிட்டாருங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். கைய விடல."

அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. "நன்றி எல்லாம் எதுக்கு?" என்றார் வஹிதா. மூக்கை உறிஞ்சினார். பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்தார். மூடத்தான் போகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பொத்தான் அழுத்தப்படவில்லை. திரும்பிப் பார்த்தால், விரல் அதன் மேல் அப்படியே நின்றிருந்தது. வஹிதா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. அதுவரை நான் பார்த்திராத ஒரு களைப்பு அங்கே தெரிந்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானா?" என்றார் ஹெட்போனுக்குள். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கென்னங்க, நான்…"

அந்தப் பக்கம் காத்திருந்தது. நான்தானே அது, காத்திருக்கத் தெரியும்.

"இல்ல" என்றார் வஹிதா. "ரொம்ப நாளாவே நல்லா இல்ல."

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார்.